பூட்டு என்று பெயர் வாங்கியவன்

உல்பியானோ கிரெனால்டை யாராலும் அடிக்க முடியாது. கொலோன் நகரத்தில் இதை மறுத்துப் பேச ஆளில்லை. உல்பியானோ யாரையும் அடிக்க மாட்டான் என்பதையும் மறுத்துப் பேச ஆளில்லை. குத்துச்சண்டை மேடையில் ஏறிவிட்டால் இரண்டு கையையும் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டு, முழங்கையால் விலாவை மூடிக்கொண்டு, தாடையைத் தோளுக்குள் செருகிக்கொண்டு நிற்பான். எதிராளி எங்கே குத்தினாலும் அங்கே ஒரு கை இருக்கும், இல்லாவிட்டால் அங்கே உல்பியானோ இருக்க மாட்டான். சனங்கள் அவனுக்குப் பூட்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

தலைநகரத்துப் பையன் ஒருவனோடு எட்டு ரவுண்டு ஆடியபோது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மீன்காரி ஒருத்தி எழுந்து நின்று கத்தினாள்: “யப்பா பூட்டு! சாவிய வீட்டுலயே வெச்சிட்டு வந்துட்டியா?”

அரங்கமே சிரித்தது. நடுவர்கூடச் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பையன் எட்டு ரவுண்டும் உல்பியானோவின் முழங்கையையும் மண்டை உச்சியையும் குத்திக் குத்தி, கடைசியில் தன் கையே வீங்கிப் போய் இறங்கினான். ஆனால் வென்றது அவன்தான். மூன்று தீர்ப்பாளர்களும் அவன் பக்கம் எழுதியிருந்தார்கள். குத்தாதவனுக்கு யார் புள்ளி போடுவார்கள்?

உடை மாற்றும் அறையில் நெமேசியோ வாளியை உதைத்தான். நெமேசியோ உல்பியானோவின் மனைவிக்கு அண்ணன். இருவருக்கும் ஒரே வயது, முப்பதுக்கு ஒன்று குறைவு. நெமேசியோவும் ஒரு காலத்தில் மேடை ஏறியவன்தான். கண் விழித்திரை கிழிந்ததால் நிறுத்திவிட்டு, பகலில் துறைமுகத்துக் கன்டெய்னர் கிடங்கில் வேலை, சாயங்காலம் தங்கை புருஷனுக்குப் பயிற்சி என்று காலம் தள்ளிக்கொண்டிருந்தான்.

“மாப்ளே, ஒண்ணே ஒண்ணு சொல்லு. அஞ்சாவது ரவுண்டுல அவன் வலது கையத் தூக்கி வீசிட்டு, மூஞ்சிய அப்படியே தாம்பாளத்துல வெச்சு நீட்டுனான். பாத்தியா இல்லியா?”

“பாத்தேன் மச்சான்.”

“பாத்துட்டு?”

“குத்தலாம்னு நெனச்சேன்.”

“நெனச்சே! நீ வீட்டுக்குப் போய் அம்மா போட்டோவுக்கு முத்தம் குடுத்துட்டு வந்து குத்தியிருந்தாக்கூட நேரம் மிச்சம் இருந்திருக்கும்டா.”

உல்பியானோ கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக் கையைப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. கண்ணாடியில் முகத்தைப் பார்த்தான். அதிலும் ஒன்றுமில்லை. காலையில் எழுந்து முகம் கழுவிய மாதிரி இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கே எரிச்சலாக வந்தது. பத்து வருஷமாகச் சண்டை போடுகிறவனின் மூக்கு இப்படியா நேராக நிற்கும்?

அவன் குத்தவே மாட்டான் என்று சொல்வதும் சரியில்லை. குத்துவான். ஆனால் அவன் குத்து கிளம்பும்போதே திரும்பி வர டிக்கெட் எடுத்துக்கொண்டுதான் கிளம்பும். கை முன்னால் போகையில் கால் பின்னால் போகும். உடம்பின் பாரம் முழுக்கப் பின்குதிகாலில் கிடக்கும். முஷ்டி எதிராளியின் முகத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்று, எதையோ தொட்டுச் சுட்டுக்கொண்டது போலக் கன்னத்துக்குத் திரும்பிவிடும். எதிராளிக்கு இரண்டு ரவுண்டில் இது புரிந்துவிடும். இவனிடம் பயப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் மேலே விழுந்து விழுந்து குத்துவான். குத்து அதிகமாக வர வர உல்பியானோ இன்னும் இறுக்கி மூடுவான். மூட மூட அவன் இன்னும் வருவான். இந்தச் சுழலில் விழுந்து எட்டு ரவுண்டும் கழிந்துவிடும்.

நெமேசியோ பார்க்காத வைத்தியம் இல்லை. பின்னால் போக முடியாதபடி இடுப்பில் கயிறு கட்டித் தூணில் முடிந்து பார்த்தான். உல்பியானோ கயிறு விட்ட தூரத்துக்குள் சுற்றிச் சுற்றித் தப்பினான். சுவரில் முதுகை ஒட்டி நிற்க வைத்தான். சுவரிலேயே வழுக்கி வழுக்கி நகர்ந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை கொட்டிக்கொண்டிருக்கையில், கிடங்கில் காலியாகக் கிடந்த கன்டெய்னர் ஒன்றுக்குள் கூட்டிப் போய், தானும் கிளவுஸ் மாட்டிக்கொண்டு, அவனைக் கடைசி மூலையில் நிறுத்தினான்.

“இங்க வலது பக்கம் தகரம், இடது பக்கம் தகரம், முதுகுக்குத் தகரம். வெளிய போகணும்னா என்னை அடிச்சிட்டுத்தான் போகணும். வா.”

கூரையில் மழை தாளம் போட்டது. நெமேசியோ குத்த ஆரம்பித்தான். வயிறு, தலை, தோள், விலா. உல்பியானோ குனிந்து, சுருங்கி, முழங்கைக்குள் ஒளிந்துகொண்டு அத்தனையையும் வாங்கினான். நல்ல குத்து ஒன்றுகூட உள்ளே நுழையவில்லை. நெமேசியோவுக்கு மூச்சு வாங்கியது. குத்தினான். கெட்ட வார்த்தை சொல்லிக் குத்தினான். உல்பியானோவின் அம்மாவை இழுத்தான், தங்கச்சி புருஷன் என்றும் பாராமல் எல்லாவற்றையும் இழுத்தான். கடைசியில் தகரத்தில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

“என் கை வலிக்குதுடா,” என்றான். அழுகிற குரலில் சொன்னான். “உன்னை அடிச்சு அடிச்சு என் கைதான் வலிக்குது.”

உல்பியானோ அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்கும் அழுகை வந்தது. ஒவ்வொரு தடவையும் நெமேசியோவின் தாடை திறந்து கிடந்ததை அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். கண் சொன்னது, தோள் கேட்டது, முஷ்டிக்கு மட்டும் சேதி போய்ச் சேரவில்லை.

இது பிறவிக் குணம் இல்லை. இருபது வயதில் உல்பியானோ சண்டைக்காரனாகத்தான் இருந்தான். முதல் ஐந்து ஆட்டத்தில் நான்கு பேரைப் படுக்க வைத்தவன். அதைப் பார்த்துத்தான் டான் அபெலார்தோ அவனைக் கூப்பிட்டார். டான் என்பது அங்கே ஐயா மாதிரி ஒரு மரியாதைச் சொல்; அபெலார்தோ சண்டைகளை ஏற்பாடு செய்கிறவர். அவர் கையில் இருந்தவன் செல்சோ முரில்லோ. அப்போது நாட்டின் பட்டம் செல்சோவிடம் இருந்தது, தொலைக்காட்சியில் சோப்பு விளம்பரத்திலெல்லாம் வருவான். செல்சோவுக்குப் பயிற்சியில் எதிரே நிற்க ஓர் ஆள் வேண்டும். மாதச் சம்பளம், மதியச் சாப்பாடு. உல்பியானோவுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. போனான்.

ஒரு நாள் தொலைக்காட்சிக்காரர்கள் படம் எடுக்க வந்திருந்தார்கள். செல்சோ ஜோராக ஆடிக் காட்டிக்கொண்டிருந்தான். வலது கையை வீசிவிட்டு இடது கையைத் தொங்கப் போடுகிற கெட்ட பழக்கம் அவனுக்கு இருந்தது. அந்த இடைவெளி தெரிந்ததும் உல்பியானோவின் இடது கை யோசிக்காமல் கொக்கி மாதிரி வளைந்து போய் விழுந்தது. நாட்டின் பட்டத்துக்காரன் கேமரா முன்னால் பொத்தென்று உட்கார்ந்தான்.

“தரை வழுக்குது, தரை வழுக்குது,” என்று டான் அபெலார்தோ சிரித்துச் சமாளித்தார். கேமராக்காரர்கள் போனதும் உல்பியானோவை வெளியே கூப்பிட்டார்.

“தம்பி, உனக்கு எதுக்குச் சம்பளம் குடுக்கிறேன்?”

“பயிற்சிக்கு, டான் அபெலார்தோ.”

“அடி வாங்கறதுக்கு. அடிக்கிறதுக்கு எங்கிட்ட ஆள் இருக்கு. நாளையிலிருந்து வர வேணாம்.”

மூன்று மாதம் வேலை இல்லை. மனைவி யாரிபெல் மாசமாக இருந்தாள். வேறு எந்தப் பயிற்சிக்கூடமும் அவனைச் சேர்க்கவில்லை, டான் அபெலார்தோவைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் துணிவில்லை. கடைசியில் உல்பியானோ அந்தக் கூடத்தின் இரும்புக் கதவு முன்னால் போய் நின்றான். தினமும் நின்றான். சேர்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நான்கு வருஷம் அவன் செல்சோவைத் தவறியும் அடிக்கவில்லை. எப்போதாவது கை கொஞ்சம் பலமாகப் பட்டுவிட்டால் உடனே ஓரடி பின்னால் போய், வலது கையைத் தூக்கி, “மன்னிச்சிடு, சாம்பியன்,” என்பான். செல்சோ தலையாட்டுவான். ஆட்டம் தொடரும். அந்த நான்கு வருஷத்தில் உலகத்திலேயே அடி படாமல் நிற்க மிக நன்றாகத் தெரிந்த ஆளாக அவன் ஆகிவிட்டான்.

கன்டெய்னர் சம்பவம் நடந்து சில வாரங்களில் டான் அபெலார்தோ தானே தேடி வந்தார். உல்பியானோ இப்போது சொந்தமாகத்தான் ஆடிக்கொண்டிருந்தான். செல்சோவின் பட்டம் போய்விட்டது, கால் கனத்துவிட்டது, தொடர்ந்து இரண்டு தோல்வி. பெயரைத் தூக்கி நிறுத்த ஒரு வெற்றி வேண்டும். பேருந்து நிலையத்தில் யாரிபெல் வைத்திருந்த கடைக்கே வந்து, அவள் பொரித்த கரிமன்யோலாவை, அதாவது இறைச்சி அடைத்த மரவள்ளி உருண்டையை, நின்றபடியே தின்றுகொண்டு கேட்டார்.

“பத்து ரவுண்டு. நம்ம ஊர் அரங்கத்துலதான். என்ன சொல்றே?”

உல்பியானோ சரி என்று தலையாட்டினான். அவர் போனதும் யாரிபெல் எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டுத் திரும்பினாள்.

“உன்னை ஏன் கூப்பிடறாங்கன்னு தெரியுதா?”

“தெரியுது.”

“நீ செல்சோவ அடிக்க மாட்டேன்னு கூப்பிடறாங்க. கல்யாண வீட்டுல வாழைமரம் கட்டற மாதிரி உன்னைக் கொண்டு போய் மேடையில கட்டப் போறாங்க.”

“தெரியுதுன்னு சொல்றேன்ல?”

“தெரிஞ்சும் ஒத்துக்கிட்டியே!”

“அவனைப் பத்தி எனக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல யாரி. அவன் மூச்சு எப்ப முட்டும், எப்பக் கைய எறக்குவான், எல்லாம் தெரியும். அவன அடிக்க முடியலைன்னா நான் யாரையும் அடிக்க முடியாது.”

சண்டையன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. முதல் ரவுண்டிலேயே செல்சோ வலது கையை வீசினான், இடது கையைத் தொங்கப் போட்டான். பத்து வருஷம் ஆகியும் அந்தப் பழக்கம் மாறவில்லை. உல்பியானோ பார்த்தான். கை கன்னத்திலேயே இருந்தது. இரண்டாவது ரவுண்டிலும் அதே இடைவெளி. மூன்றாவதிலும். “இப்ப! இப்ப! இப்ப!” என்று மூலையிலிருந்து நெமேசியோ தொண்டை கிழியக் கத்தினான். நெமேசியோ கத்தி முடிப்பதற்குள் வாசல் மூடிக்கொள்ளும். ரவுண்டுகள் இப்படியே போய்க்கொண்டிருந்தன. உல்பியானோவுக்குத் தன் கையையே பல்லால் கடிக்கலாம் போல இருந்தது.

“பூட்டு! பூட்டு!” என்று கூட்டம் கால்களைத் தரையில் உதைத்தது.

எட்டாவது ரவுண்டு முடிந்து உட்கார்ந்தபோது நெமேசியோ தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. முன்னால் குந்தி உட்கார்ந்து அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.

“மாப்ளே, நான் உன்னைத் திட்டலை. கும்பிட்டுக் கேக்கறேன். ஒரே ஒரு குத்து. விழுந்தாலும் விழட்டும், தவறுனாலும் தவறட்டும். ஒண்ணு போடு. அப்புறம் வீட்டுக்குப் போயிடலாம்.”

ஒன்பதாவது ரவுண்டில் செல்சோ களைத்திருந்தான். வலது கை சோம்பலாக வந்தது. இடது கை தொங்கியது. அப்போது உல்பியானோ யோசிக்கவில்லை. குத்தலாமா என்று கேட்டுக்கொள்ளாத ஒரு நொடி எப்படியோ வாய்த்தது. பாரம் முன்காலுக்கு வந்தது, இடுப்பு திரும்பியது, இடது கை வளைந்து போய்ச் செல்சோவின் தாடையில் முழுசாக உட்கார்ந்தது. செல்சோவின் முழங்கால் இரண்டும் தண்ணீரானது. கை இரண்டும் கீழே. கண்ணில் ஆளே இல்லை. இன்னொன்று விழுந்தால் கதை முடிந்தது, குழந்தை வந்து தள்ளினால்கூடப் போதும்.

உல்பியானோ ஓரடி பின்னால் போனான். வலது கையைத் தூக்கினான்.

“மன்னிச்சிடு, சாம்பியன்,” என்றான்.

அரங்கத்தில் எழுந்த கூச்சலில் கூரை போய்விடும் போலிருந்தது. நெமேசியோ வாளியைத் தூக்கித் தன் தலையிலேயே கவிழ்த்துக்கொண்டான். நடுவர்கூட வாயைத் திறந்தபடி நின்றார். தான் என்ன செய்தோம் என்று உல்பியானோவுக்குப் புரிந்து அவன் முன்னால் பாய்ந்தபோது, செல்சோ கயிற்றைப் பிடித்துத் தெளிந்து, அவனைக் கட்டிக்கொண்டான். மணி அடிக்கும் வரைக்கும் கட்டிக்கொண்டே இருந்தான். பத்தாவது ரவுண்டும் அப்படியே ஒழிந்தது. மூன்று தீர்ப்பாளர்களும் செல்சோவுக்கே கொடுத்தார்கள்.

அந்தச் சொல் தொலைக்காட்சி மைக்கில் விழுந்துவிட்டது. அதோடு ஊருக்கு நல்ல தீனி கிடைத்தது. பேருந்தில் காலை மிதித்தவன் “மன்னிச்சிடு, சாம்பியன்” என்றான். டோமினோ ஆட்டத்தில் காயைக் கவிழ்த்தவன் சொன்னான். கிடங்கில் கிரேன் ஓட்டுகிறவன் பெட்டியை இறக்கும்போதெல்லாம் மேலேயிருந்து ராகம் போட்டுச் சொன்னான். யாரிபெல் கடையில் ஒருத்தன் உருண்டையைக் கடித்துவிட்டு அதற்கு மன்னிப்புக் கேட்டான். அவள் அவன் காப்பியைப் பிடுங்கி மேஜையிலேயே கொட்டிவிட்டு, “துடைச்சிட்டுப் போ,” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவளுடைய கோபம் உல்பியானோ பக்கம் திரும்பியது.

“ஊர் சிரிக்கறது எனக்குப் பெருசில்ல. அந்த ஆள் கிட்ட எதுக்கு மன்னிப்பு? அவன் கிட்ட என்ன கடன் பட்டிருக்கே?”

“பழக்கம் யாரி. உனக்குத் தெரியாதா? நீ வயித்துல புள்ளையோட இருந்தே. வேற வழி இல்லாமத்தான் அந்தக் கேட்டு முன்னாடி போய் நின்னேன். உனக்காகத்தான்...”

“எனக்காகவா? நான் சொன்னேனா, போய் நில்லுன்னு? அந்த மூணு மாசமும் எங்கம்மா வீட்டுல சோறும் தேங்காய்ப் பயறும் தின்னுட்டு நல்லாத்தான்யா இருந்தேன். செல்சோவ உக்கார வெச்சவன் பொண்டாட்டின்னு சந்தையில தலை நிமிந்து நடந்தேன். திரும்பிப் போனது நீ. உனக்காகப் போனே. என் வயித்து மேல பாரத்தப் போடாதே.”

உல்பியானோ எழுந்து வெளியே போனான். இத்தனை வருஷமாக அவன் அதை ஒரு தியாகமாக நினைத்து வைத்திருந்தான். அது அவள் கணக்கில் அப்படி இல்லை என்பது அவனுக்குத் தெரியாது. கோபம் வந்தது. யார் மீது என்று தெரியாத கோபம்.

நேராகப் பயிற்சிக்கூடத்துக்குப் போனான். நெமேசியோ தனியாகப் பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். இருவருக்கும் பேச்சு நின்று பத்து நாள் ஆகியிருந்தது.

“மச்சான், கிளவுஸ் மாட்டு. நான் கையக் கீழ போட்டு நிக்கறேன். மூஞ்சியில ஒண்ணு போடு.”

“பைத்தியமா உனக்கு?”

“நல்லா ஒரு குத்து வாங்கி எத்தனை வருஷம் ஆச்சுன்னு நெனச்சுப் பாத்தேன். ஞாபகம் வரல. எனக்குக் குத்து எப்படி இருக்கும்னே மறந்து போச்சு மச்சான். மறந்து போனதாலதான் இப்படிப் பயப்படறேன்னு தோணுது. போடு.”

நெமேசியோ தயங்கினான். அப்புறம் அரங்கத்தில் வாளி கவிழ்த்துக்கொண்டது ஞாபகம் வந்திருக்க வேண்டும், நன்றாகவே போட்டான். உல்பியானோவின் தலை பின்னால் போய் வந்தது. உதட்டில் ரத்தம். கண்ணில் நீர். வலித்தது. கொஞ்ச நேரம் நின்று, அந்த வலியை நாக்கால் தடவிப் பார்த்தான்.

“இன்னொண்ணு.”

அதனால் மறுநாளே அவன் புலியாகிவிட்டான் என்று யாரும் நினைக்க வேண்டாம். கை போகும், பாதியில் நிற்கும். கால் பின்னால் நழுவும். நெமேசியோ பின்னால் நின்று துடைப்பக் கட்டையால் குதிகாலில் தட்டுவான். நல்ல குத்து ஒன்று விழுந்துவிட்டால் “மன்னிச்சிடு” சொல்ல வாய் தானாகக் கூடும். அப்போதெல்லாம் நெமேசியோ செருப்பைக் கழற்றுவான். மாதக்கணக்கில் இருவரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே நாளை ஓட்டினார்கள்.

அடுத்த சண்டை நாட்டின் மறுகோடியில், தாவீது நகரத்தில் கிடைத்தது. மாட்டுப் பண்ணையில் வேலை பார்க்கிற கியெல் என்கிற உள்ளூர்க்காரன் எதிராளி. கழுத்து அகலமானவன். மணி அடித்ததும் உல்பியானோ முன்னால் போனான். போனவன் கையைத் தூக்க மறந்து போனான். முதல் ரவுண்டு பாதியில் கியெலின் வலது கை மூக்கில் இறங்கியது. வாழ்க்கையில் முதல் தடவையாக உல்பியானோ தரையில் கிடந்தான். கித்தான் துணியில் பழைய வேர்வை நாற்றம் அடித்தது. மேலே விளக்கு ஆடியது. நடுவர் ஏழு எண்ணும்போது எழுந்து நின்றான்.

மறுபடி முன்னால் போனான். அவன் வீசியதில் பாதி காற்றைக் குத்தியது. மீதி கியெலைக் குத்தியது. ஒரு தடவை இடது கொக்கி விழுந்து கியெல் தள்ளாடியபோது உல்பியானோவின் உடம்பு பின்னால் போக எத்தனித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இரண்டு வைத்தான். கியெல் ஒரு முழங்காலில் இறங்கி, எழுந்து, பதிலுக்கு வைத்தான். கடைசி மணி அடித்தபோது இருவரும் யார் மூலை எது என்று தெரியாமல் மாறிப் போனார்கள். சண்டை சமன் என்று அறிவித்தார்கள். வெற்றி இல்லை. உல்பியானோவின் மூக்கு இடது பக்கம் சாய்ந்திருந்தது.

திரும்பி வரும் பேருந்தில், மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனிடம் நெமேசியோ ஆரம்பித்தான்.

“கை எதுக்குடா இருக்கு? மூஞ்சிய மூட! எருமை மாதிரி மூஞ்சியத் தூக்கிட்டுப் போறே! நான் அதையா சொல்லிக் குடுத்தேன்?”

“அடி அடின்னு நீதான மச்சான் கத்துனே!”

“அடின்னா மூடாதேன்னு அர்த்தமா? பத்து வருஷம் பூட்டாக் கெடந்தவன் இப்பக் கதவையே கழட்டி வெச்சிட்டுப் போறே!”

“போய்யா! நீ அந்தக் கயித்துக்குள்ள வந்து நின்னு பாரு தெரியும். வெளிய நின்னு வாளி உதைக்கத்தான் தெரியும் உனக்கு!”

“என்ன சொன்னே?”

“காது கேக்கலையா? இன்னொரு தடவ சொல்லவா?”

முன் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த கிழவர் திரும்பி, கொஞ்சம் மெதுவாகப் பேசக் கூடாதா என்று கேட்டார். உல்பியானோ அவரிடமும் ஏதோ சொல்ல வாயெடுத்தான், மூக்கு வலித்ததால் விட்டுவிட்டான். பேருந்து பாதி வழியில் இருக்கிற சாந்தியாகோவைத் தாண்டும் வரைக்கும் நெமேசியோவும் அவனும் அந்த முதல் ரவுண்டைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.